நசுங்கிய குரல்வளையும் மீளும் குரலும்

வீதி விபத்துகளில் தலையிலும் நெஞ்சிலும் ஏற்படும் காயங்களே பெரிதும் கவனிக்கப்படுகின்றன. கழுத்தின் முன்புறத்தில் விழும் அடி அபூர்வமானது. ஆயினும், குரல்வளை நசுங்குமாயின் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியக்கூடும். மூச்சுக்கு வழிவிடுதல், உணவு நுரையீரலுக்குள் செல்லாது தடுத்தல், குரலெழுப்புதல் ஆகிய மூன்று பணிகளையும் அச்சிறு குருத்தெலும்புக் கூடே ஆற்றுகின்றது.

வெளித்தோலில் சிறு கன்றல் மாத்திரமே தென்படலாம். குரல் கரகரத்தல், இரைச்சலுடன் மூச்சுவிடுதல், இருமலில் இரத்தம், தோலின் கீழ் காற்றுப் புகுந்து கழுத்து வீங்குதல் என்பனவே உள்ளிருக்கும் ஆபத்தை உணர்த்தும் அறிகுறிகளாகும். இவற்றுள் ஒன்றேனும் காணப்படின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

சிகிச்சையின் முதற்பணி சுவாசத்தைக் காப்பதாகும். சிதைந்த குரல்வளையினூடாக வாய்வழியே குழாய் செலுத்த முயன்றால் கிழிவு பெரிதாகலாம். எனவே, கடுமையான காயங்களில் கழுத்தின் கீழ்ப்பகுதியில் துளையிட்டு மூச்சுக்குழாயினுள் நேரடியாகக் குழாய் பொருத்தப்படுகின்றது. அதன்பின், இயன்றவரை 24 மணித்தியாலங்களுக்குள் கிழிந்த சளிச்சவ்வு தைக்கப்பட்டு, உடைந்த குருத்தெலும்புகள் சிறு உலோகத் தகடுகளால் நிலைநிறுத்தப்படுகின்றன. காலந்தாழ்த்தினால் தழும்பு இறுகி மூச்சுவழி சுருங்கிவிடும். குரலும் மீளாது போகலாம்.

அவ்வாறு குரலை இழந்தோருக்கு வேறு வழியில்லையா? 1998 ஜனவரியில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் டொக்டர் மார்ஷல் ஸ்ட்ரோம் தலைமையிலான குழுவினர், மோட்டார் சைக்கிள் விபத்தில் குரல்வளை நசுங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் பேச்சிழந்திருந்த ஒருவருக்கு, இறந்தவரின் குரல்வளையைப் பொருத்தினர். மூன்றாம் நாளே அவர் பேசினார். 2010இல் கலிபோர்னியாவிலும், 2023இல் பிரான்ஸின் லியோன் நகரிலும் இத்தகைய மாற்றுச் சத்திரசிகிச்சைகள் நடைபெற்றன. லியோனில் அதற்கு 27 மணித்தியாலங்கள் பிடித்தன.

எனினும் இதற்குரிய விலை பெரிது. பொருத்திய உறுப்பை உடல் நிராகரியாதிருக்க, நோயெதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ளவேண்டும். இவை தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் இடமளிக்கக்கூடியவை. இதயமின்றி வாழ இயலாது. கழுத்துத் துளைவழியே சுவாசித்துக் குரல்வளையின்றி வாழ இயலும். குரலுக்காக இவ்வளவு ஆபத்தை ஏற்கலாமா என வைத்திய உலகில் எழுந்த கேள்வி நியாயமானதே. ஆனால், பேசமுடியாத வாழ்வு எத்தகையது என்பதை அனுபவிப்பவரே அறிவார். ஆகவே, ஆபத்துகளை முழுமையாக உணர்த்தியபின் முடிவை அவரிடமே விடுவதுதான் முறை. எவ்வாறாயினும், பெரும்பாலானோரின் குரலைக் காக்கவல்லது அபூர்வமான மாற்றுச் சிகிச்சையன்று, விபத்து நிகழ்ந்த முதல் நாளிலேயே கிடைக்கும் உரிய சிகிச்சையே.