பழைய மலக்குழியும் பச்சை மீனும்

மீன் நாடாப்புழு மனிதக் குடலில் 10 மீட்டர் நீளம்கூட வளரும். நாளொன்றுக்குப் பத்து லட்சம் முட்டைகள் வரை இடும். மலத்தோடு வெளியேறும் இம்முட்டைகள் காற்றுப் புகாத ஈரமண்ணில் அடங்கிவிட்டால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். புழுவின் உடல் எப்போதோ மக்கியிருக்கும். ஆய்வாளர்கள் மலக்குழி மண்ணைக் கரைத்து, மெல்லிய சல்லடைகளில் வடித்து, நுண்ணோக்கியில் தேடுகிறார்கள். முட்டையின் நீளம் 0.06 முதல் 0.07 மி.மீ. வரை, ஒரு முனையில் மூடி, மறுமுனையில் சிறு குமிழ்.

மீனின் சதையில் இருப்பது முட்டையல்ல, இளம்புழு. அந்த மீனை வேகாமல் தின்றவர் குடலில்தான் அது முதிர்ந்து முட்டையிடும். அதனால் குப்பைமேட்டில் கிடக்கும் மீன்முள் சொல்லாத ஒன்றை இந்த முட்டை சொல்லிவிடுகிறது. சமைத்த மீனுக்கும் சமைக்காத மீனுக்கும் முள் ஒன்றுதானே! நாய்க்கும் இப்புழு வரும் என்பதால், மல எச்சம் மனிதருடையதுதானா என்பதை மட்டும் தனியே உறுதிசெய்ய வேண்டும்.

இங்கிலாந்தின் மஸ்ட் ஃபார்மில், ஏறத்தாழ 2,900 ஆண்டுகளுக்கு முன் நீரோடைமேல் கால்நட்டுக் கட்டிய வீடுகளில் வாழ்ந்தவர்களின் மல எச்சங்களில் இம்முட்டைகள் இருந்தன. ஜெர்மனியின் லூபெக் நகரம் இன்னும் சுவையான சாட்சி. அங்கே 1300–1325 அளவில் மீன் நாடாப்புழு குறைந்து, மாட்டிறைச்சி நாடாப்புழு பெருகியது. உணவுப் பழக்கம் மாறியிருக்கலாம். தோல் பதனிடும் தொழிலின் கழிவு நன்னீரைக் கெடுத்து, புழுவின் சுழற்சியை அறுத்திருக்கலாம்.

இது பழங்கதை அல்ல. 2004–05இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பச்சை சால்மன் மீன் தின்ற பலருக்கு இந்நோய் கண்டது. பலருக்கு அறிகுறியே தெரியாது. சிலருக்கு வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, மலத்தில் நாடாத் துண்டுகள். புழு வைட்டமின் பி12-ஐ உறிஞ்சிக்கொள்வதால் சிலருக்கு இரத்தசோகையும் வரும். மலப் பரிசோதனையில் முட்டை தெரிந்துவிடும். மருத்துவர் எழுதித் தரும் பிராசிகுவாண்டெல் பெரும்பாலும் ஒரே வேளையில் புழுவை ஒழித்துவிடும்.

எலுமிச்சைச் சாறும் லேசான புகையும் இளம்புழுவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. உட்புறம் 63 டிகிரி செல்சியஸ் எட்டும்படி வேகவைக்க வேண்டும். அல்லது மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைக்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டிகள் பல அந்தக் குளிரை எட்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கேட்கும் நேரம் இதைவிடக் குறைவு: பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறையவைப்பது அது ஏற்கும் வழிகளில் ஒன்று. சில வளர்ப்பு மீன்களுக்கு விலக்கு உண்டு. எந்த ஊரானாலும், தட்டில் வைத்த பச்சை மீன் எந்த நீரில் பிடித்தது, எவ்வளவு நேரம் உறையவைத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை காசு கொடுத்துச் சாப்பிடுபவருக்கு உண்டு.