விட்ட இடத்தில் தொடங்கும் பாடம்

நவீன கற்பித்தல் என்றதும் கணினியும் பெரிய திரையுமே எமது நினைவுக்கு வருகின்றன. அவை உள்ள பாடசாலையே நல்ல பாடசாலை என்ற எண்ணம் பெற்றோர் மத்தியில் வேரூன்றியுள்ளது. ஆனால் ஊர்விட்டு ஊர் மாறிய கமக்காரக் குடும்பத்தின் பிள்ளைக்கு வேறொரு கேள்வியே முக்கியமானது. மூன்று மாதம் படிப்பை விட்டுத் திரும்பி வரும் பிள்ளையை வகுப்பறை எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றது?

வழக்கமான வகுப்பில் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்துகின்றார். பிள்ளை வராத நாட்களிலும் பாடம் நகர்ந்துவிடும். கழித்தல் படிக்காத பிள்ளை, வகுத்தல் நடக்கும் நாளில் வந்து அமர்கின்றது. ஒன்றும் விளங்குவதில்லை. கேட்க வெட்கம். பின்வாங்குக்குப் போய், பின்னர் பாடசாலைக்கே வராமல் நின்றுவிடுகின்றது. கற்பித்தலில் ஈடுபட்ட நாம் இதைப் பல தடவை கண்டிருக்கிறோம். குறை பிள்ளையின் மூளையில் அல்ல. பாடம் ஒழுங்கு செய்யப்பட்ட முறையிலேயே உள்ளது.

இக்குறையைத் தீர்க்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டைச் சேர்ந்தது. அங்குள்ள கிராமப் பாடசாலைகள் பலவற்றில் ஓரிரு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் கவனிக்க வேண்டியிருந்தது. அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் பெற்றோருக்கு உதவியாகத் தோட்டங்களுக்குச் சென்றுவிடுவர். 1970களின் நடுப்பகுதியில் விக்கி கோல்பெர்ட் என்பவரும் கிராம ஆசிரியரான ஒஸ்கார் மொகொயோனும் வேறு சிலரும் சேர்ந்து 'எஸ்குவேலா நுவேவா', அதாவது 'புதிய பாடசாலை' என்னும் முறையை உருவாக்கினர்.

அதன் அடிப்படை எளிமையானது. பாடங்கள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, பிள்ளை தானே வாசித்துச் செய்யக்கூடிய கற்றல் கையேடுகளாக எழுதப்பட்டன. பிள்ளைகள் சிறு குழுக்களாக மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவருக்கொருவர் உதவுவர். ஆசிரியர் குழுவுக்குக் குழு சென்று வழிகாட்டுவார். ஒரு படியை முடித்த பின்னரே அடுத்த படி. அறுவடை முடிந்து திரும்பும் பிள்ளை, தான் விட்ட படியிலிருந்தே தொடர்கின்றது. வகுப்பேற்றம் மறுக்கப்பட்டு முழு ஆண்டையும் மீண்டும் படிக்கத் தேவையில்லை. ஊரின் வரைபடமும் பயிர்ச்செய்கை நாட்காட்டியும் பெற்றோரின் உதவியுடன் தயாரிக்கப்பட்டு வகுப்பறையில் பயன்படுத்தப்பட்டன. கமக்காரரின் அறிவும் அங்கே பாடமாயிற்று.

இதற்கு மாறான பாடத்தைப் பெரு நாடு தருகின்றது. 2008 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசு எட்டு இலட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளை வாங்கிப் பிள்ளைகளுக்கு வழங்கியது. கிராமப்புறத்தைச் சேர்ந்த 319 ஆரம்பப் பாடசாலைகளில் நடத்தப்பட்டு 2012 இல் வெளிவந்த ஆய்வில், பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டது. எனினும் கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கருவி வந்தது, கற்பிக்கும் முறை மாறவில்லை.

ஆகவே கணினி வேண்டாம் என்பது எமது கருத்தல்ல. பிள்ளை எந்தப் படியில் நிற்கின்றது என்பதை அறிந்து அங்கிருந்து தொடங்க உதவுமானால் கணினியும் நல்லதே. அதைச் செய்யாவிட்டால் அது விலை கூடிய கரும்பலகை மாத்திரமே.

பெற்றோராகிய நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. இடம் மாற நேரும்போது பிள்ளையின் கொப்பிகளை எறியாமல் கொண்டு செல்லுங்கள். எந்தப் பாடம் எதுவரை முடிந்தது என்பதை ஆசிரியரிடம் கேட்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். புதிய பாடசாலையில் அதனைக் காட்டி, "எங்கள் பிள்ளை இதுவரை படித்திருக்கின்றது, இதிலிருந்து தொடங்க வழி செய்யுங்கள்" என்று கேளுங்கள். "எந்த வகுப்பு?" என்று மட்டும் கேட்டுச் சேர்ப்பதிலும் இது பயனுள்ளது. மாலையில் அயல்வீட்டு மூத்த பிள்ளை ஒன்று அரைமணி நேரம் அருகிலிருந்து சொல்லிக் கொடுத்தால், விடுபட்ட படிகளை ஒவ்வொன்றாகக் கடக்கலாம்.

பயிர் பிந்தி விதைத்த வயலை எவரும் கைவிடுவதில்லை. அதற்கேற்ற நெல்லைத் தெரிந்து விதைக்கிறோம். பிந்தி வந்த பிள்ளைக்கும் அந்தக் கவனிப்பே தேவை.