வீட்டுக் கத்தியும் தீட்டுக்கல்லும்



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய மாலையில் நம் வீடுகளில் கத்தி தேடும் படலம் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். அலுமாரியின் மேலிருந்து இறக்கப்படும் கத்தியில் துருவும் இருக்கும், பல்லும் விழுந்திருக்கும். அதைச் சீமெந்துப் படியில் நான்கு தடவை உரசிவிட்டுப் போதும் என்று வைத்துவிடுகிறோம். அது போதாது.

எக்காரியத்தையும் அழகுறச் செய்வதை அல்லாஹ் விதித்துள்ளான் என்றும், அறுப்பவர் தமது கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. நபியவர்கள் கொம்புள்ள கடா ஒன்றைக் குர்பான் கொடுக்க நாடியபோது, கத்தியைக் கொண்டுவந்து கல்லில் தீட்டித் தருமாறு ஆயிஷா (ரழி) அவர்களிடம் கூறினார்கள். அவர்களும் அவ்வாறே செய்தார்கள். அக்காரியம் வீட்டுப் பெண்மணியின் கையால் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியாயின், புதிதாகப் பழகுபவர் எதனை வாங்குவது? பிளாஸ்டிக் பிடியும், கத்தியை உள்ளே வைத்து இழுப்பதற்கான பிளவும் கொண்ட சிறு கருவியே பலரின் கண்ணில் முதலில் படும். நானும் ஒருமுறை அதனை வாங்கி, வாப்பாவின் மீன் கத்தியை அலை அலையாக்கிவிட்டேன். அப்பிளவினுள் இருக்கும் கடின உலோகத் தகடுகள் கத்தியைத் தீட்டுவதில்லை, சுரண்டுகின்றன. சில நாள் வெட்டும், பின்னர் முன்னிலும் மோசமாகும். கல்லில் உட்கார நேரமே இல்லாதவர் பீங்கான் பிளவும் உள்ள கருவியை வாங்கி, அப்பிளவை மாத்திரம் பாவிக்கலாம். இறைச்சிக்கடைகளில் காணும் இரும்புக் கோல் வளைந்த விளிம்பை நிமிர்த்துமேயன்றி, மழுங்கிய கத்தியைக் கூராக்காது. மின்சாரச் சாணை பழகாத கையில் கத்தியைச் சூடாக்கிவிடும். விளிம்பு நீலம் பாரித்தால் உருக்கின் உறுதி போய்விட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

என் அபிப்பிராயத்தில் இருபக்கத் தீட்டுக்கல்லே சிறந்தது. ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்ற இலக்கமுள்ளது போதுமானது; இலக்கம் கூடக்கூடக் கல் மென்மையாகும். நீளம் 6 அங்குலத்திற்குக் குறையலாகாது. ஹாட்வெயார் கடையில் இலக்கமின்றி விற்கப்படும் கல்லாயினும், கரடான பக்கமும் மென்மையான பக்கமும் இருந்தால் தொடங்கலாம். நீர் பாவிக்கும் கல்லில் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள்.

பழைய கத்தி ஒன்றில் பழகுங்கள். கல்லை ஈரத் துணியின்மேல் அசையாது வையுங்கள். கத்தியின் அகலம் 4 சென்ரிமீற்றர் என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கட்டும். அது சுமார் 15 பாகை. அச்சாய்வு மாறாது, விளிம்பு முழுவதும் கல்லில் படுமாறு கரடான பக்கத்தில் தேயுங்கள். மறுபுறத்தில் மெல்லிய சொரசொரப்பு எழும். முதுகிலிருந்து வெளிநோக்கி விரலைத் தடவினால் அது தெரியும். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் தடவாதீர்கள். நுனிமுதல் அடிவரை அது எழுந்த பின்னரே கத்தியைத் திருப்ப வேண்டும். அவசரக்காரர்கள் தவறுவது இவ்விடத்திலேதான். ஈற்றில் மென்மையான பக்கத்தில், பாரம் கொடுக்காது, இருபுறமும் மாறி மாறிச் சில தடவைகள்.

கடதாசியை வெட்டிப் பாருங்கள். உழ்ஹிய்யாக் கத்தியாயின் விளிம்பில் பஞ்சை மெதுவாக இழுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் இன்னும் பல் உண்டு.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் நமக்கு இது வருடத்தில் ஒருநாள் வேலையன்று. அறுக்குளாவை மழுங்கிய கத்தியால் துண்டுபோட்டால் சதை நசியும். தோலில் வழுக்கினால் வெட்டு உம்மாவின் கையில் விழும். உப்புக் காற்றில் கத்தி விரைவில் துருப்பிடிக்கும். மீன் வெட்டியதும் கழுவி, ஈரம் துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசுங்கள். பிள்ளைகள் பழகும்போது பெற்றோரில் ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

பெருநாள் கத்தியை ஒரு வாரம் முன்னரே தீட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ஆட்டைக் கிடத்திவிட்டு அதன்முன் கத்தி தீட்டிய ஒருவரை, அதனைப் பலமுறை சாகடிக்க நினைக்கிறாரா என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்ததை இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.