வெடிச் சத்தத்துக்கு நடுவே ஒரு கை முந்நூற்றிநாலு

டிசம்பர் பிறந்தால் கொழும்பில் வெடிச் சத்தமும் கூடவே வந்துவிடும். கொட்டாஞ்சேனையில் நத்தார் இரவு, வெள்ளவத்தையில் டிசம்பர் 31 நள்ளிரவு. தொடர்மாடிகளின் சுவர்களில் மோதி ஒரு சீனவெடி இரண்டாகக் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கும் அதே நேரத்தில், வன்னியிலிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மா சுவரோரம் குந்தியிருப்பார். வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு இப்படியான பலரைத் தெரியும்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஷெல் விழுந்த காலத்தில் உயிரைக் காத்தது இந்தப் பழக்கம்தான். சத்தம் கேட்டதும், யோசிக்கும் முன்பே உடல் பதுங்கியது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது என்று அறிவுக்குத் தெரியும். உடல் இன்னும் பழைய பாடத்தையே ஒப்புவிக்கிறது.

பண்டிகைக் காலத்துக்கு வேறு பாரங்களும் உண்டு. நத்தாருக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை வந்த நாள். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் வெடித்த குண்டின் பின், நிறைந்த தேவாலயமே ஒரு பயம். "அவர்கள் இல்லாமல் எங்களுக்கு என்ன கொண்டாட்டம்?" என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது.

இந்த இடத்தில் விளையாட்டைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் பொருத்தமில்லாமல் தோன்றலாம். ஆனால் எமது மண்ணிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். விளையாட்டில் தொடக்கமும் முடிவும் எங்கள் கையில் இருக்கின்றன. யுத்தம் எம்மிடமிருந்து பறித்ததும் அதைத்தான்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் செய்யக்கூடிய சில:

வெடி எண்ணுதல்: 12 மணியிலிருந்து முதல் ஒரு நிமிடத்தில் எத்தனை பெரிய வெடி கேட்கும் என்று எல்லோரும் கடதாசியில் எழுதி வைக்கலாம். கிட்டச் சொன்னவருக்குக் கேக்கில் பெரிய துண்டு. எதிர்பார்த்திருக்கும் சத்தம், திடீரென வரும் சத்தத்தைவிடக் குறைவாகவே திடுக்கிட வைக்கும். விருப்பமில்லாதவரை இதில் இழுக்க வேண்டாம். அவரோடு வீதிப்பக்கம் இல்லாத அறையில் ஒருவர் கூட இருந்தால் போதும். எத்தனை மணிக்குக் கொளுத்துவார்கள் என்று அயலவரிடம் முன்பே கேட்டு வைப்பதும் நல்லது.

முந்நூற்றிநாலு: ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2. ஒரு இனத்தில் 76 புள்ளி, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. துரும்பையும் விழுந்த சீட்டுகளையும் நினைவில் வைத்திருக்கும் மனதுக்கு, பழையதைச் சுற்றிவர அவ்வளவு இடம் இருக்காது. சீட்டு வேண்டாம் என்றால் கரம், தாயம், கொக்கான் எதுவும் சரி.

சவர்க்காரக் குமிழி: பிள்ளைகளோடு சேர்ந்து ஊதுங்கள். வேகமாக ஊதினால் உடைந்துவிடும். மெதுவாக, நீளமாக ஊதினால்தான் குமிழி பெருக்கும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பும் தணியும். மூச்சுப் பயிற்சி என்று சொன்னால் மறுக்கும் தாத்தாவும் பேரனோடு இதைச் செய்வார்.

நேரக் கணக்கு: கொழும்பில் நள்ளிரவு 12 மணி என்றால் இலண்டனில் மாலை 6.30, ரொறன்ரோவில் பிற்பகல் 1.30, சிட்னியில் விடிகாலை 5.30. அந்த நேரத்தில் அவரவர் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஊகித்துச் சொல்லிவிட்டு, அழைத்துச் சரிபாருங்கள். தனியாக இருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய துணை.

ஒரு பகிடிக் கதை: சாப்பாட்டு வேளையில், இல்லாதவரைப் பற்றி ஆளுக்கொரு சிரிப்புக் கதை சொல்லுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் "அவருக்குப் பிடித்திருந்தது" என்று சொல்ல மனம் வராது. "அவருக்குப் பிடிக்கும்" என்றே சொல்லுங்கள். கதை நடுவில் யாராவது அழுதால் அழட்டும். அழுகை வந்ததால் விளையாட்டுக் கெட்டுப்போகாது, சிரிப்பு வந்ததால் நினைவும் குறைந்துவிடாது.

எல்லாவற்றையும் விளையாட்டால் தீர்க்க முடியாது. பல நாட்களாக நித்திரை இல்லை, சாப்பிட மனமில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். தமிழிலேயே கதைக்கலாம்.

தைப்பொங்கல் வரை இன்னும் எத்தனையோ இரவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு இரவும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று யாரும் எம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு கை சீட்டு, ஒரு குமிழி, ஒரு கதை. அன்றைக்கு அது போதும்.