அரசூரில் பிடிபட்ட ஆட்டுக்கொல்லி

தறிச் சத்தம் ஓயாத சின்ன காஞ்சிபுரத்தில் கொல்லையில் ரெண்டு வெள்ளாடு, நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களும் இருப்பீர்கள். இந்தத் தகவல் உங்களுக்குத்தான்.

பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல், ஆட்டுக்கொல்லி நோய். நான்குக்கும் காரணம் பாராமிக்ஸோ என்னும் ஒரே ஆர்.என்.ஏ. வைரஸ் குடும்பம். மாடுகளை மந்தை மந்தையாகச் சாய்த்த வெக்கை நோயும் இதே வம்சம்தான். அது உலகத்தை விட்டே ஒழிந்ததாக 2011-ல் அறிவித்தார்கள்.

ஆட்டுக்கொல்லி இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில், 1987-ல். அதுவரை ஆடுகளுக்கு இப்படி வந்தால் வெக்கை என்றே நினைத்திருந்தார்கள்; அறிகுறிகள் அப்படி. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், ஈறிலும் நாக்கிலும் புண், பிறகு நாற்றமடிக்கும் கழிச்சல். மூக்கில் சளி காய்ந்து அடைத்து, ஆடு வாயால் மூச்சு வாங்கும். மனிதருக்கு இது தொற்றாது. அந்த அரசூர் வைரஸையே வீரியம் குறைத்துச் சென்னையில் தடுப்பூசியும் தயாரித்தார்கள். ஊர்ப்பெயரோடுதான் அது ஆராய்ச்சி ஏடுகளில் இருக்கிறது!

கோழிக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து, பாலாற்றோடு மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில் உள்ள கால்நடைத் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. அந்த நிலையம் 1932-ல் தொடங்கியது.

சந்தையில் வாங்கிய ஆட்டை உடனே மற்றவற்றோடு கட்டாதீர்கள். சில வாரம் தனியே வையுங்கள். குட்டிக்கு நாலு மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி கேளுங்கள். ஒருமுறை போட்டால் மூன்றாண்டு தாங்கும்.