சிப்பிப் பண்ணையின் எதிரிக்கு உப்பே எமன்

நெல்லுக்குக் குருத்துப்பூச்சி எப்படியோ, சிப்பிப் பண்ணைக்கு நட்சத்திர மீன் அப்படி. பெயரில்தான் மீன். உண்மையில் இது முள்தோல் இனத்தைச் சேர்ந்த பிராணி. ஐந்து கைகளால் சிப்பியைக் கவ்வி, ஓட்டை இழுத்துச் சிறிது திறக்கும். அந்த இடுக்கு வழியே தன் இரைப்பையையே உள்ளே நுழைத்து, சதையைக் கரைத்து உண்டுவிடும்.

அமெரிக்காவில் லாங் ஐலண்ட் கடற்கழிப் பகுதியில் சிப்பி வளர்த்தோர் இதனால் பெரும் நஷ்டம் அடைந்தனர். பிடித்ததை வெட்டி மீண்டும் கடலில் எறிந்தும் பலன் இல்லை. நடுப்பகுதியோடு ஒட்டிய துண்டு பிழைத்து, இழந்த கைகளை வளர்த்துக்கொண்டது. பின்னர் இரும்புச் சட்டத்தில் நூல் கற்றைகளைக் கட்டி அடிமண்ணில் இழுத்தார்கள். அதில் சிக்கியவற்றை வெந்நீரில் முக்கிக் கொன்றார்கள்.

பலவீனம் எது?

நட்சத்திர மீனுக்குச் சிறுநீரகம் போன்ற உறுப்பு கிடையாது. வெளியே உள்ள நீரில் எவ்வளவு உப்போ, ஏறக்குறைய அவ்வளவே அதன் உடல்நீரிலும் இருக்கும். திறந்த கடலில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆற்று வெள்ளம் கலந்து இந்த அளவு குறைந்தால், தோல் வழியே நீர் உள்ளே புகும். உடல் உப்பிப் பருக்கும். குழாய்க் கால்கள் பிடிப்பை இழக்கும். புரட்டிப் போட்டால் நிமிர வெகுநேரம் ஆகும். இரை எடுப்பதும் குறையும்.

மாறுதல் மெதுவாக வந்தால் ஓரளவு சமாளிக்கும். செல்களில் உள்ள அமினோ அமிலங்களைக் குறைத்து, அவை வீங்காமல் பார்த்துக்கொள்ளும். திடீர் மாறுதலுக்கோ அவகாசம் இராது. லாங் ஐலண்ட் பகுதியின் நட்சத்திர மீனுக்கு லிட்டருக்கு 16 முதல் 18 கிராம் வரையே கீழ் எல்லை என ஆய்வில் தெரிந்தது. பால்டிக் கடலின் மேற்குப் பகுதியில் வேறொரு இனம் சுமார் 8 கிராம் உப்பிலும் வாழ்கிறது. ஆனால் அது உருவில் சிறியது, தோலும் மெலிந்தது.

சிப்பிக்குக் கதவு உண்டு

உப்பைச் சீராக வைத்துக்கொள்வதில் சிப்பியும் அப்படியொன்றும் கெட்டிக்காரன் அல்ல. ஆனால் அதற்கு ஓடு இருக்கிறது. நீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். நட்சத்திர மீனுக்கு மூடிக்கொள்ள ஒன்றுமில்லை. இந்த வித்தியாசம்தான் வளர்ப்போருக்குக் கைகொடுக்கிறது.

ஆறு கலக்கும் முகத்துவாரங்களில் நட்சத்திர மீன் தலைகாட்டுவது அரிது. எனவே இளஞ்சிப்பிகளுக்கு அது பாதுகாப்பான நாற்றங்கால். உப்பு மிகுந்தாலும் இப்பிராணிக்கு ஆபத்துதான். இளஞ்சிப்பிகளை இடம் மாற்றும்போது, மேலும் கரையாத அளவு உப்புக் கரைத்த நீரில் சில நிமிடம் முக்கி, பிறகு காற்றாட வைப்பார்கள். ஒட்டி வந்த நட்சத்திர மீனின் உடல்நீர் வெளியேறி அது மடியும். மூடிய ஓட்டுக்குள் சிப்பி பிழைத்துக்கொள்ளும்.

அளவு மீறினால்?

இந்த ஆயுதம் இருபுறமும் கூர் உள்ளது. நன்னீர் பல நாள் நீடித்தால் மூடிய சிப்பியும் மூச்சுமுட்டிச் சாகும். கேரளக் காயல்களில் சிப்பி வளர்ப்போர் இதை நன்கு அறிவர். நவம்பர், டிசம்பரில் வளர்ப்பைத் தொடங்கி, தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் அறுவடையை முடித்துவிடுகிறார்கள்.

முகத்துவாரத்தில் பண்ணை போட எண்ணுவோர் முதலில் செய்யவேண்டியது, கோடையிலும் மழையிலும் நீரின் உப்பை அளந்து குறித்து வைப்பதே. எதிரி நுழைய முடியாத, சிப்பி தாங்கக்கூடிய அளவு எந்த இடத்தில், எந்த மாதத்தில் இருக்கிறது என்பதை அந்தக் குறிப்பே காட்டிவிடும்.