மூடிய ஆலையும் முடிந்த போரும்

போர்ச் செய்திகள் வரும் நாட்களில் வகுப்பில் இந்தக் கேள்வி எழும்: "சார், யுரேனியக் குண்டு என்றால் அணுகுண்டா?"

இல்லை. யுரேனியத்தைச் செறிவூட்டிய பின் மிஞ்சுவதே செறிவு குறைந்த யுரேனியம். ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தி கொண்டது. ஆகவே டாங்கிக் கவசத்தைத் துளைக்கும். 1991 வளைகுடாப் போரிலும், 1999இல் கொசோவோவிலும், 2003இல் ஈராக்கிலும் பயன்படுத்தப்பட்டது. மோதும்போது தீப்பற்றி நுண்தூசியாகிறது. அதைச் சுவாசிப்பதும், மண்ணில் புதைந்த துண்டுகள் அரித்து நிலத்தடி நீரில் கலப்பதும்தான் கவலை. கதிரியக்கம் இயற்கை யுரேனியத்தைவிடக் குறைவு. சிறுநீரகத்தைத் தாக்கும் வேதிநச்சு முக்கியமானது. எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

போர் முடிந்தும் உலோகம் மண்ணில் தங்குகிறது. இதை விளக்க, திருப்பத்தூர் மாவட்ட ஆசிரியர் ஈராக் வரை போக வேண்டியதில்லை. பக்கத்து ராணிப்பேட்டையில், 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுச் சென்றது. அதிலுள்ளது ஆக்சிஜனேற்ற எண் +6 கொண்ட குரோமியம்: மஞ்சள் நிறம், நீரில் எளிதாகக் கரையும், தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடப் பயன்படுவதோ +3 குரோமியம். நச்சு மிகக் குறைவு. தனிமம் ஒன்றே, வடிவம் வேறு. மேல்நிலை ஆய்வகத்து அலமாரியில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் +6தான். பிப்பெட்டை வாயால் உறிஞ்சவிடாதீர்கள்.

பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதில், தோல் அழுகாமலிருக்கத் தடவும் உப்புக்கும் பெரும் பங்கு உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு சட்ட மாணவர்கள் அனைவரும் படிப்பது. முழு அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது; தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது; மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும். யுரேனிய ஆயுத விவாதத்தையும் இந்த அளவுகோலால் மாணவர்களே எடைபோடட்டும்.

ஒன்றில் கவனம் வேண்டும். வகுப்பில் பலரின் பெற்றோர் தோல் தொழிலாளர்கள். "உங்கள் ஊர்த் தண்ணீர் விஷம்" என்று தொடங்கினால் அந்தக் குழந்தை வாய் திறக்காது. அதைவிட, தெருக் கிணற்றில் குடிக்கத் தண்ணீர் எடுப்பதை எப்போது நிறுத்தினார்கள், ஏன் என்று வீட்டில் பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லலாம்.